காணியை ஈடு வைத்துக் கடன் பெற்றவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு

மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுத்திட்டப் பணம் மட்டும் போதவில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. சீமெந்து, மணல், ஓடு, மேசன் கூலி எல்லாம் ஏறியபோது பலர் கூரை மட்டத்தில் நின்றுவிட்டார்கள். கிணறு, மலசலகூடம், கதவு, நிலை ஆகியவற்றுக்கு வெளியே கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவர் பாதுகாப்பாகக் கேட்டது காணி உறுதியை.

காணியை இழந்தால் அதன் மேல் கட்டிய வீட்டையும் இழக்க நேரிடும். சட்டத்தில் வீடு நிலத்தோடு சேர்ந்தது. அது கொடையாகக் கிடைத்த வீடு என்பதனால் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இந்தப் பாடத்தில் இரண்டு விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் கையொப்பமிட்ட பத்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நிவாரணம் அதைப் பொறுத்தது. மற்றது, நாள். எல்லா நிவாரணங்களுக்கும் காலம் முக்கியமானது. பிந்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கதவு மூடிவிடலாம்.

1. நீங்கள் கையொப்பமிட்டது எது?

“காணியை ஈடு வைத்தேன்” என்று நாம் பொதுவாகச் சொல்வோம். ஆனால் நொத்தாரிசு எழுதிய பத்திரம் வேறொன்றாக இருக்கலாம். அது பின்வருவனவற்றுள் ஒன்றாக இருக்கும்:

ஈட்டு உறுதி: காணி தொடர்ந்தும் உங்களுடையது. கடனுக்குப் பாதுகாப்பாக மட்டுமே அது பிணைக்கப்பட்டுள்ளது.

ஒற்றி: காணியும் உங்களுடையதே. ஆனால் வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் காணியின் விளைவை அனுபவிக்கிறார்.

நிபந்தனைக் கிரய உறுதி: காணியை விற்றதாக எழுதி, குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீள எழுதித் தரப்படும் என்று நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கும். காலம் முடிந்தால் காணி வாங்கியவருக்கே போய்விடும்.

அறுதி உறுதி: காணி முழுமையாக விற்கப்பட்டதாக எழுதப்பட்டிருக்கும். “காசு தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்” என்ற பேச்சு வாயளவில் மட்டுமே நடந்திருக்கும்.

கடைசி இரண்டு வகைகளிலும்தான் ஏமாற்றம் அதிகம் நடக்கிறது. உதாரணமாக, 20 இலட்சம் ரூபா பெறுமதியான காணியும் வீடும் உள்ள ஒரு தாய் 3 இலட்சம் ரூபா கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “ஈடு எழுதினால் என்ன, அறுதி எழுதினால் என்ன, எல்லாம் ஒன்றுதான்” என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அவர் கையொப்பமிடுகிறார். அதே வீட்டில் தொடர்ந்து இருக்கிறார். மாதாமாதம் வட்டியும் கட்டுகிறார். இரண்டு வருடம் கழித்து, வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிச் சட்டத்தரணியின் கடிதம் வருகிறது. பத்திரத்தின்படி அவர் கடனாளி அல்லர். தனது காணியை 3 இலட்சத்துக்கு விற்றவர். அவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஈட்டு உறுதி எழுதியவரின் வழியைவிட அது கடினமானது.

2. முதல் வேலை: பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள்

காணியை விற்கவோ ஈடு வைக்கவோ செய்யும் பத்திரம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன், எழுத்தில் கையொப்பமிடப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் பத்திரத்துக்கு நிச்சயமாக ஒரு பதிவு இருக்கும். நொத்தாரிசிடம் ஒரு பிரதி இருக்கும். இன்னொரு பிரதியை அவர் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். கடன் கொடுத்தவர் உங்களுக்குப் பிரதி தராவிட்டாலும் பரவாயில்லை.

காணி அமைந்துள்ள மாவட்டத்தின் காணிப் பதிவகத்துக்குச் சென்று தோம்பு பாருங்கள். உங்கள் காணியின் பக்கத்தில் கடைசியாகப் பதியப்பட்டது ஈடா, கிரயமா என்று கேட்டு, பிரதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். போரில் உறுதி தொலைந்தவர்களும் இதே வழியில் பிரதி பெறலாம்.

பிரதி கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே நொத்தாரிசின் அத்தாட்சிக் கூற்று இருக்கும். பணம் தமது முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, முன்னரே பெற்றுக்கொண்டதாகச் சொல்லப்பட்டதா என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். வாசிக்க முடியாதவருக்குப் பத்திரத்தை வாசித்து விளக்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. அது நடக்காவிட்டால் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வழக்கில் அது முக்கியமான விடயம்.

3. ஈட்டு உறுதி என்றால்

தனியார் ஒருவருக்கு ஈடு எழுதிக் கொடுத்திருந்தால், தவணை தவறிய காரணத்தால் அவர் காணியைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. “கட்டத் தவறினால் காணி எனக்குச் சொந்தம்” என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அந்த நிபந்தனை செல்லாது. 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். தீர்ப்புக் கிடைத்த பின்னரே காணியை விற்றுக் கடனை அறவிட முடியும். கடனும் செலவும் போக மீதி இருந்தால் அது உங்களுக்கு உரியது.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். குறித்த நாளில் நீங்கள் தோன்றாவிட்டால், உங்கள் பக்கம் கேட்கப்படாமலே தீர்ப்பு வரலாம். நீங்கள் தோன்றினால் பின்வரும் விடயங்களை எழுப்ப முடியும்.

வட்டி: நிலுவையாகக் கோரப்படும் வட்டி கடன் முதலைவிடக் கூடுதலாக இருக்க முடியாது என்பது எமது நாட்டில் நெடுங்காலமாக உள்ள சட்டவிதி. 2 இலட்சம் முதலுக்கு 5 இலட்சம் வட்டி நிலுவை என்று யாராவது கணக்குக் காட்டினால் இதைக் கேள்விக்கு உட்படுத்துங்கள்.

கொடூரமான நிபந்தனைகள்: 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்துக்கு ஓர் அதிகாரத்தை வழங்குகிறது. வட்டி மிகையானதாகவும் கொடுக்கல் வாங்கல் நியாயமற்றதாகவும் இருந்தால், நீதிமன்றம் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். தொகை எழுதாத வெற்று வாக்குறுதிச் சீட்டிலும், வாங்கியதைவிடக் கூடிய தொகை எழுதிய சீட்டிலும் கையொப்பம் வாங்கியிருந்தால் அதையும் நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்.

பழைய ஈடுகள்: இடம்பெயர்வதற்கு முன்னர் எழுதிய ஈடுகள் இன்னும் தோம்பில் நிற்கின்றன. ஈட்டுக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் பொதுவாக 10 வருடம். தவணை குறித்திருந்தால் அத்தவணை முடிந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். ஆனால் இடையில் வட்டி கட்டியதும், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டதும் கணக்கை மாற்றலாம். ஆகவே பழைய கடனுக்காக யாராவது புதிய காகிதத்தில் கையொப்பம் கேட்டால், சட்டத்தரணியிடம் காட்டாமல் போடாதீர்கள். கடனைக் கட்டி முடித்தவர்கள் ஈடு மீட்கப்பட்டதைக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

4. நிபந்தனைக் கிரயம் என்றால்

இங்கே நாள் மிக முக்கியம். பத்திரத்தில் குறித்த கடைசி நாளைக் கலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் பட்ட கடனுக்காகக் காணியை ஈடு வைத்தவர்களும் நிபந்தனைக் கிரயம் எழுதியவர்களும் கடன் இணக்க சபைக்கு விண்ணப்பிக்கலாம். 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இச்சபை, நீதி அமைச்சின் கீழ் இயங்குகிறது. இரு தரப்பையும் அழைத்து, கடன் தொகை எவ்வளவு, எத்தனை தவணையில் கட்டலாம் என்று இணக்கம் காண முயற்சிப்பது அதன் வேலை. விண்ணப்பம் அங்கே நிலுவையில் இருக்கும் வரை அதே கடனுக்காக நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. வங்கிக் கடன்கள் இச்சபைக்கு வரமாட்டா.

நிபந்தனைக் கிரயத்தில், மீட்கும் காலம் முடிந்த பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை. கடைசி வாரத்தில் ஓடுவதும் போதாது. காலம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே விண்ணப்பம் சபைக்குப் போய்ச் சேரவேண்டும். பணம் சேராது என்று தெரிந்த உடனேயே விண்ணப்பியுங்கள்.

சில வேளை பணம் கையில் இருக்கும். ஆனால் வாங்கியவர் கண்ணில் படமாட்டார், அல்லது “அடுத்த மாதம் பார்ப்போம்” என்பார். அந்த வாய்ப்பேச்சை நம்பிக் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். பணம் தயாராக உள்ளது, மீள எழுதித் தரவும் என்று சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பணம் வங்கியில் இருந்ததற்கான அத்தாட்சியையும் தபால் பற்றுச்சீட்டையும் பாதுகாத்து வைத்திருங்கள்.

5. அறுதி உறுதி எழுதப்பட்டிருந்தால்

“அறுதி எழுதியாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மை அல்ல. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவைச் சட்டத்தரணியிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒருவர் தமது சொத்தை மற்றவர் பெயருக்கு மாற்றியிருந்தாலும், சூழ்நிலையைப் பார்க்கும்போது அதன் பயனைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இருந்ததாகக் கொள்ள முடியாவிட்டால், பெற்றவர் அச்சொத்தை உரிமையாளரின் நன்மைக்காகவே வைத்திருக்கிறார் என்று அப்பிரிவு சொல்கிறது. இத்தகைய வழக்கில் வாய்மொழிச் சாட்சியம் சொல்வதற்கு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் தடையல்ல என்று உயர் நீதிமன்றம் 1991இல் வெளியான தீர்ப்பொன்றில் ஏற்றுக்கொண்டது.

நீதிமன்றம் பார்ப்பது சூழ்நிலையை. ஆகவே பின்வருவனவற்றைச் சேகரியுங்கள்:

• உறுதி எழுதிய பின்னரும் நீங்கள் அதே வீட்டில் இருந்ததற்கான சான்று: வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், கிராம அலுவலரின் கடிதம், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு.
• நீங்கள் மாதாமாதம் வட்டி கட்டியதற்கான சான்று: பற்றுச்சீட்டு, வங்கிப் பற்றுத்துண்டு, கொப்பியில் போட்ட கையொப்பம், தொலைபேசிச் செய்தி.
• அன்றைய சந்தைப் பெறுமதிக்கும் உறுதியில் எழுதிய விலைக்கும் உள்ள வித்தியாசம்.
• காணி வரியையும் உறுதி எழுதிய செலவையும் யார் கட்டினார்கள் என்பது.
• பேச்சு நடந்தபோது உடன் இருந்தவர்களின் பெயர்.

உண்மைப் பெறுமதி தெரியாமல், அதன் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றிருந்தால், அந்த விற்பனையை நீக்கக் கோரும் உரிமையும் உரோம-டச்சுச் சட்டத்தில் உண்டு. இது உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணி சொல்வார்.

வழக்குத் தாக்கல் செய்ததும் அந்த வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். இதைத் தவறவிட்டால், வாங்கியவர் காணியை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிடக்கூடும். விடயம் ஒன்றும் தெரியாமல் விலை கொடுத்து வாங்கிய அந்த மூன்றாம் ஆளிடமிருந்து காணியை மீட்பது மிகக் கடினம்.

6. வங்கிக் கடன் என்றால்

உரிமம் பெற்ற வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் விசேட அதிகாரம் கொடுத்துள்ளது. வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, நீதிமன்றம் செல்லாமலே ஈடு வைத்த காணியைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். பத்திரிகைகளில் “பராட்டே” என்று எழுதுவது இதைத்தான்.

ஆனால் இந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடனின் முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் வங்கி இவ்வழியில் போக முடியாது, நீதிமன்றத்துக்கே போகவேண்டும். மீள்குடியேறியோர் பெற்ற வீட்டுக் கடன்களில் மிகப் பெரும்பாலானவை இத்தொகைக்குக் கீழேயே இருக்கும். ஆகவே “வங்கி நாளைக்கே ஏலம் போட்டுவிடும்” என்று யாராவது பயமுறுத்தினால், முதலில் உங்கள் கடன் முதலைப் பாருங்கள்.

ஏலம் நடத்தக்கூடிய கடனாக இருந்தாலும், தீர்மானமும் ஏல அறிவித்தலும் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளியிடப்பட வேண்டும். உங்களுக்கும் பிரதி அனுப்பப்பட வேண்டும். ஏல அறிவித்தலுக்கும் ஏல நாளுக்கும் இடையில் குறைந்தது 14 நாட்கள் இருக்க வேண்டும். இம்முறைகள் மீறப்பட்டால் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கோரலாம். ஏல நாளுக்கு முன்னர் நிலுவையையும் செலவையும் கட்டினால் காணி விற்கப்படமாட்டாது.

இந்த நிலைக்குப் போகுமுன்னரே வங்கி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: கடனை மறுசீரமைத்துத் தரமுடியுமா, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட முடியுமா, தண்ட வட்டியை விட்டுத் தரமுடியுமா என்று. வங்கியின் பதில் நியாயமாக இல்லாவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு செய்யலாம். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும்.

7. அனுமதிப்பத்திரக் காணி

வன்னியில் பலரிடம் இருப்பது உறுதிக் காணி அல்ல. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ ஆகும். இக்காணியை உரிய அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதம் இன்றித் தனியாருக்கு விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அப்படி எழுதிய பத்திரம் செல்லாது. அனுமதிப்பத்திரத்தை ஒருவரிடம் அடகாகக் கொடுத்ததால் அவருக்குக் காணியில் உரிமை வராது. அவர் கடனைக் கேட்கலாம். காணியைக் கேட்க முடியாது. பத்திரத்தைத் திருப்பித் தர மறுத்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஆனால் சம்மதமின்றிக் காணியைக் கைமாற்றுவது அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறும் செயல் என்பதால், போகுமுன் சட்ட ஆலோசனை பெறுவது நல்லது.

8. பெண்கள் கவனிக்க வேண்டியது

தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தனது சீதனக் காணியானாலும், கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அச்சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். கணவன் காணாமற்போன நிலையில், சம்மதமோ அனுமதியோ இல்லாமல் உங்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டிருந்தால், அப்பத்திரத்தின் செல்லுபடியையே கேள்விக்கு உட்படுத்த இடமுண்டு. காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழை 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பெறலாம். உங்களிடம் அது இருந்தால் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

9. வெளியேறச் சொல்லி வந்தால்

நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வீட்டிலிருந்து வெளியேற்ற எவருக்கும் அதிகாரம் இல்லை. கட்டளையுடன் நீதிமன்றத்தின் பிஸ்கால் அதிகாரியே வரவேண்டும். யாராவது ஆட்களுடன் வந்து மிரட்டினாலும், பூட்டை உடைத்தாலும், வேலியைப் பிடுங்கினாலும் உடனே பொலிசில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைப் பெறுங்கள்.

பலவந்தமாக வெளியேற்றப்பட்டால் இரண்டு மாதக் கணக்கை மறக்க வேண்டாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் இத்தகைய காணிப் பிணக்கைக் கையாளலாம். வழக்கு ஆரம்பிக்கப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் நீங்கள் வெளியேற்றப்பட்டிருந்தால், உங்களை மீண்டும் இருத்த அந்நீதிமன்றம் கட்டளையிட முடியும். காணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைப் பின்னர் மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும்.

10. காசில்லாமல் சட்டத்தரணியைப் பெறுவது எப்படி?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை வழங்குகிறது. தகுதியுள்ளவர்களுக்கு வழக்கும் பேசுகிறது. உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டால் அதன் நிலையம் எங்கே என்று சொல்வார்கள். தேசிய அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம அலுவலரின் கடிதம், பத்திரப் பிரதி, பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், வந்த கடிதங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு செல்லுங்கள். எப்போது எவ்வளவு வாங்கினீர்கள், எப்போது எவ்வளவு கட்டினீர்கள் என்று திகதி வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் சட்டத்தரணியின் வேலை பாதியாகும்.

இனிக் கடன் வாங்கப் போகிறவர்களுக்கு

• பத்திரத்தின் தலைப்பை வாசியுங்கள். “ஈடு” என்று இல்லாமல் “அறுதி”, “விற்பனை”, “கிரயம்”, “கைமாற்றம்” என்று இருந்தால் கையொப்பமிடாமல் எழும்புங்கள்.
• கடன் கொடுப்பவர் கூட்டிவரும் நொத்தாரிசிடம் மட்டும் போகாமல், உங்களுக்குத் தெரிந்த இன்னொரு சட்டத்தரணியிடமும் பத்திரத்தைக் காட்டுங்கள்.
• வெற்றுத் தாளில், வெற்றுக் காசோலையில், தொகை எழுதாத சீட்டில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள்.
• கையில் வாங்கும் தொகையும் பத்திரத்தில் எழுதிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.
• கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தராவிட்டால் வங்கிக் கணக்கில் போடுங்கள்.
• பத்திரப் பிரதியை அன்றே கேட்டு வாங்குங்கள்.

ஏற்கனவே கையொப்பமிட்டவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டவருக்கு உதவவே இந்தச் சட்டங்கள் இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் காணிப் பதிவகத்துக்குப் போய் உங்கள் பத்திரம் எதுவென்று அறியுங்கள். அறிந்ததும், அதே பிரதியுடன் சட்ட உதவி நிலையத்துக்குச் செல்லுங்கள். இப்பாடம் பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் பத்திரத்துக்கான முடிவை, அதை வாசித்த சட்டத்தரணியுடன் பேசியே எடுங்கள்.